நான்காவது நீலக் குறி

எட்டாம் வகுப்புச் சுற்றுலாப் படத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டவளுக்கு நன்றி எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று நாளாக எழுதாமல் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் அதில் உங்கள் தலைப்பின்னலைப் பார்த்துச் சிரித்தீர்கள். யார் அன்று ஒல்லி, யார் கண்ணை மூடிவிட்டாள், மிஸ் எவ்வளவு இளமை என்றெல்லாம் எழுதினீர்கள். நான் பார்த்தது நடுவில் மணலில் விரித்திருக்கும் துணியை. அதன் மேல் சோற்றுப் பார்சல்கள், தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு மூலையில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு.

அந்தத் துணி யாருடையது என்று அன்று மிஸ் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்பு உங்களில் சிலரிடம் பொய்யாக ஒரு பதில் சொல்லியிருந்தேன். நீங்கள் மறந்திருப்பீர்கள். நமக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்றாலும் அந்த வயதுக் கதைகளில் பாதி கழன்று விழுந்துவிட்டன. எனக்கு இந்தக் கதை கழலவில்லை. நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

அது போர் நிறுத்தம் இருந்த சமாதான காலம். திருகோணமலைக்குப் பாதை திறந்திருந்த வருடங்கள். அந்த வருடம்தான் என் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, லெபனானிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தார். அம்மாவும் சித்தியும் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். அப்பாவுக்குக் கண்டியில் இரும்புக் கடையில் வேலை கிடைத்ததால் நாங்கள் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மேட்டில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். சித்தி ஐந்து வருடமாக லெபனானில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். குளிப்பாட்டுவது, தலை சீவுவது, மருந்து கொடுப்பது, கூட நடப்பது. அவரைச் சித்தி ‘பெரிய மேடம்’ என்பார். மேடத்தின் மகளைச் ‘சின்ன மேடம்’ என்பார்.

சூட்கேஸைத் திறந்த நாள் எனக்குப் பொருள் பொருளாக ஞாபகம் இருக்கிறது. புலி போட்ட கம்பளிப் போர்வை. அப்பாவுக்குத் தங்க நிறக் கைக்கடிகாரம். பத்துச் சவர்க்காரக் கட்டிகள், வாசனைப் பவுடர், தோடம்பழப் பானத் தூள் இரண்டு டின், பாதி உருகிய சொக்லட். கடைசியில், அடியில், வெள்ளைத் தாளில் சுற்றி ஒரு சால்வை. அதைச் சித்தி என் மடியில் வைத்தார்.

நான் பளபளப்பாக ஏதோ எதிர்பார்த்திருந்தேன். அது காய்ந்த வைக்கோலுக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு நிறம். தொட்டால் குளிர்ந்தது. மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தது. நெசவில் இடையிடையே நூல் தடித்துக் கட்டி கட்டியாக ஓடியது. நெய்தவருக்குச் சரியாக நூற்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஓரத்தில் கையால் முடிந்த குஞ்சம். ஒரு மூலையில் நீல நூலில், கூட்டல் குறி போல, வரிசையாக நான்கு சின்னத் தையல்கள்.

“இது கடலுக்குப் போகையில போடுறது,” என்றார் சித்தி. “அங்க மலையில இருக்கிற சனம் வெயில் காலம் வந்தா கடல் பக்கத்துக்கு எறங்கிருவாங்க. ரெண்டு மாசம் அங்கதான். சாயங்காலம் காத்து வந்திச்சின்னா மேடம் இதத்தான் போத்திக்குவாங்க. லினன் துணி. கையால நெய்ஞ்சது. மேடத்தோட மாமியாருக்கு அவங்க மாமியா குடுத்ததாம்.”

“இந்தக் குறி என்ன சித்தி?”

“யாரு கைக்கு வருதோ அவங்களுக்கு ஒரு குறி. இது அந்தப் பழைய மாமியா, இது மாமியா, இது மேடம்.” நான்காவது மட்டும் கோணலாக இருந்தது. சித்தி அதைப் பெருவிரலால் தடவினார். “இது நானு. போன வருசம் கடல் வீட்டுல வச்சி மேடமே தைச்சாங்க. கை நடுங்குது அவங்களுக்கு. ஒரு பகல் பூரா தைச்சாங்க. எனக்கப்புறம் ஒனக்கு.”

அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

“என்னடி நெறம் இது? கோடி போடுற துணி மாதிரி இருக்கு. பெரியவளாகப் போற புள்ள மடியில இதக் கொண்டாந்து வைக்கிறியே!”

இழவு வீட்டில் பிரேதத்தின் மேல் போர்த்த உறவுக்காரர் கொண்டுபோவது கோடித் துணி. அம்மாவுக்கு நிறமில்லாத புதுத்துணி என்றால் அது ஒன்றுதான். அதற்கு ஒரே மாற்று மஞ்சள். உள்ளே போய் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்தார்.

“வேணாங்க்கா, கறையாயிரும்.”

“மஞ்சள் கறையா? புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காம யாரு கட்டுறா?”

“புதுசு இல்லக்கா. எழுவது வருசத்துத் துணி.”

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மாவின் முகம் போன போக்கு! “அப்ப அந்த மாமியாளுங்கெல்லாம் செத்துட்டாங்கதானே? செத்தவங்க உடுத்தினதையா வீட்டுக்குள்ள கொண்டாந்த?”

எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் உடுத்தியதை எரிப்பார்கள், அல்லது ஆற்றில் விடுவார்கள். சேர்த்துவைத்துப் பேத்திக்குக் கொடுப்பதில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் அப்பப்பட்டது. நீலக் குறிகள் இருந்த மூலையில் கொஞ்சம் கூடுதலாக. அடுத்த நாள் அம்மாவே மனம் இளகிச் சவர்க்காரம் போட்டுக் கசக்கினார். மஞ்சள் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. “பாத்தியா, ரத்தம் மாதிரி,” என்று பயந்து, அதைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டார். உள்ளே வைக்க மனமில்லை. சித்தி கதிரையில் ஏறி எடுத்து, மறுபடி அலசி, வீட்டுக்குள் கொடியில் காயப்போட்டு, தாளில் சுற்றி வைத்தார். அக்காவுடன் சண்டை போடவில்லை.

நான் அம்மா பக்கம் இருந்தேன். அந்தப் புலிப் போர்வையை எனக்குக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

சுற்றுலாவுக்குப் பாடசாலை கொடுத்த துண்டுத்தாளில் எட்டுப் பொருள்கள் இருந்தன. நான் எட்டையும் சரிபார்த்து அடுக்கினேன். ஒன்பதாவதாகச் சித்தி சால்வையை வைத்தார்.

“கடலுக்குப் போறதானே. போத்திக்கிட்டு ஒரு போட்டோ எடுத்திட்டு வா கண்ணு. போகையில மேடத்துக்குக் காட்டணும்.”

பையின் அடியில், மாற்று உடைக்கும் கீழே அதை அமுக்கினேன். வெளியே எடுக்கும் எண்ணமே எனக்கில்லை.

எடுத்தது இராணுவத்தில் இருந்த ஒரு பெண். ஹபரணைக்கு அப்பால் சோதனைச் சாவடியில் எல்லோரும் பையோடு இறங்கி வரிசையில் நின்றோமே, அங்கே. என் பையைக் கவிழ்த்து, அந்தச் சால்வையை உதறி விரித்தாள். காற்றில் அது முழுதாகத் தெரிந்தது. மஞ்சளும் சிவப்புமாகக் கறை பட்ட நான்கு மூலைகளுடன். அவள் சிரித்துக்கொண்டு ஓரத்தை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். “லஸ்ஸணய் நே,” என்றாள். அழகாக இருக்கிறது என்று, சிங்களத்தில். அந்த இரண்டு மாதத்தில் சித்தியைத் தவிர அதை அழகு என்று சொன்னது அவள் மட்டும்தான்.

எனக்குப் பின்னால் வங்கி மனேஜரின் மகள் நின்றாள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம்முடன் சேர்ந்து ஒரு வருடம்தான்.

“என்னடி இது? செத்த வீட்டுத் துணியே கொண்டந்தனி?”

வரிசை முழுக்கச் சிரித்தது. நீ இதை வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் அம்மா சொன்னதைத்தான் நீயும் சொன்னாய்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் என் கூட்டாளி இருந்தாள். அக்குறணையிலிருந்து வருபவள், தலையில் வெள்ளைத் துணி போட்டு, எப்போதும் புளிப்பு மிட்டாயுடன். அவள் துணியை வாங்கித் தடவினாள்.

“வெளிநாட்டுச் சாமான் போல இரிக்கி. எங்கட சாச்சியும் சவூதியில வீட்டு வேலைக்குத்தானே போய் இரிக்கிறா. ஒங்கட வீட்டுல யாரு?”

எவ்வளவு எளிதாகக் கேட்டாள்! ஆமாம், என் சித்தி லெபனானில், என்று சொன்னால் முடிந்தது. ஆனால் முன் இருக்கையில் மனேஜரின் மகளும் இன்னும் மூன்று பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீடுகளில் எல்லாம் வேலைக்கு ஆள் உண்டு.

“இல்ல, இது எங்க வீட்டுல வேலை செய்ற பொம்பளையோடது. தவறிப் பேக்குக்குள்ள வந்திருச்சி.”

எங்கள் வீட்டில் வேலைக்காரி இருந்ததே இல்லை. சித்தி வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு ஓய்வு கொடுத்து அவர்தான் சமைத்தார். அன்று நான் தின்பதற்குச் சொக்லட் நிறத்தில் தொதல் இனிப்பு கிண்டிக் கொடுத்ததும் அவர்தான். அதை எல்லோருக்கும் பங்கிட்டேன். நல்லாயிருக்கு, யார் செய்தது என்று கேட்டீர்கள். அம்மா என்றேன்.

நிலாவெளியில் பஸ் நின்றது. அந்தக் கடலை முதல்முதலாகப் பார்த்தது பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. நாம் எல்லோரும் கத்தினோம் என்று ஞாபகம். பிறகு பசி. மனேஜரின் மகள், “வேலைக்காரியின்ர துணிதானே, விரி, வச்சுச் சாப்பிடுவம்,” என்றாள். நானே விரித்தேன். பருப்பு வழிந்தது. சம்பல் வழிந்தது. ஈரக் கால்களைத் துடைத்தோம். யாரோ படம் எடுத்தார்கள். நீங்கள் இப்போது போட்டது அதுதான்.

புறப்படும்போது மிஸ் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். “யாருடைய துணி இது?” மனேஜரின் மகளும் மற்றவர்களும் ஏற்கெனவே பஸ்ஸை நோக்கி ஓடியிருந்தார்கள். “ஏய் பிள்ளைகளே, கடைசியாக் கேக்கிறேன். யாருடையது?” கூட்டாளி என்னைப் பார்த்தாள். “ஒன்டதானே?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டி இல்லை என்றேன்.

அங்கே இறால் வடை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். “வேண்டாமெண்டால் தாங்கோ டீச்சர். வெயிலுக்குப் போட்டுக்கொள்ளுவன்.” மிஸ் கொடுத்தார். அந்தப் பெண் மணலை உதறி, தலையில் போட்டு, ஒரு முனையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார். அவருக்கு அது பொருந்தியது. நான் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் வேறு கதை. காற்று அடித்துச் சால்வையைக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டது என்றேன். அம்மா, “போகட்டும், பீடை தொலைஞ்சிச்சி,” என்று நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். சித்தி என் இரண்டு கைகளையும் பிடித்தார். “அதப் புடிக்கிறேன்னு தண்ணிக்குள்ள எறங்கினியா? எறங்கலியே? அது போதும்.”

ஐந்தாம் நாள் பாதையோரத் தொலைபேசிக் கடையிலிருந்து ஆள் வந்தது, லெபனான் அழைப்பு என்று. சித்தி போய் அரை மணி நேரம் கழித்து வந்தார். சின்ன மேடம். கடல் வீட்டைத் திறந்திருக்கிறார்கள், சால்வை இல்லை. பெரிய மேடத்துக்கு மறதி கூடிவிட்டது, கொடுத்த ஞாபகம் இல்லை என்கிறார். நீ எடுத்திருந்தால் வரும்போது கொண்டுவா, ஒன்றும் கேட்க மாட்டோம். கொண்டுவராவிட்டால் வராதே.

“நாலாவது குறியக் காட்டினா போதும்,” என்று சித்தி அம்மாவிடம் சொன்னார். “அவங்க அம்மா தையல் அவங்களுக்குத் தெரியாதா? பாத்த ஒடனே தெரிஞ்சிரும்.” பிறகு அது இல்லை என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். பயணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. கண்டியிலிருந்து திருகோணமலைக்குத் தினமும் பஸ் இருந்தது. மிஸ்ஸுக்கு அந்த வடைக்காரப் பெண்ணின் முகம் தெரியும். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், உண்மையைச் சொன்னால் அந்த மற்றதையும் சொல்ல வேண்டி வருமே, வேலைக்காரி என்றதை, என்று கணக்குப் போட்டேன். பதின்மூன்று வயதில் அவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்பதுதான் இன்று எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த நாள் சித்தி என்னைக் கேட்டார். “எந்த எடத்துல போச்சு கண்ணு? கடல் எடுத்தத கரையில திரும்பப் போடும்னு மேடம் சொல்வாங்க.”

நாம் சாப்பிட்ட இடத்தைச் சொல்லவில்லை. வெகு தூரத்தில் தெரிந்த பாறையைச் சொன்னேன்.

அம்மா திட்டத் திட்டச் சித்தி விடியுமுன் தனியாக நிலாவெளிக்குப் புறப்பட்டார். இருட்டிய பிறகு வந்தார். முகம் கறுத்து, சேலைக் கரை உப்பில் விறைத்து, கால் விரல்களுக்கிடையில் மணல். அந்தப் பாறைக்கு அப்பாலும் இப்பாலும் ஐந்து மணி நேரம் நடந்தாராம். “கயிறு கெடந்திச்சி, பழைய வலை கெடந்திச்சி, ஒரு புள்ள சட்டை கெடந்திச்சி. இது கெடைக்கல.” பிறகு கைப்பையைத் திறந்து எனக்கு ஒரு பார்சல் கொடுத்தார். இறால் வடை. கரையில் ஒரு பொம்பளையிடம் வாங்கினேன் என்றார். அந்தக் கரையில் வடை விற்பவர்கள் பலர். எப்படிப்பட்ட பொம்பளை, தலையில் என்ன போட்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. தின்றேன். இரண்டு வடை.

தொலைபேசிக் கடைக்குப் போய்ச் சின்ன மேடத்துக்குச் சித்தி தான் நம்பியதைச் சொன்னார். கடல் கொண்டுபோய்விட்டது என்று. “சிரிச்சாங்கக்கா,” என்றார் வந்து. ஏஜென்சிக்கும் தகவல் போய்விட்டது. வேறு வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவர் வேலைக்காக அழவில்லை. “மேடத்துக்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பாங்க? தலை சீவிவிட்டவ கள்ளின்னுதானே சொல்லியிருப்பாங்க?” இதையே குசினியில் நின்றும் சொன்னார், கிணற்றடியில் நின்றும் சொன்னார். அம்மா, “அந்தத் துணி வந்த நேரம்,” என்றார். மஞ்சளைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு சித்தி தெல்தெனியவில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனார். நான் துணி பற்றிய தொழில்நுட்பக் கல்வி படித்து, உங்களுக்குத் தெரிந்தபடி, ஒரு ஆடைத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் இருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்து நூலை எண்ணுவது, எரித்து மணம் பார்ப்பது, கறை வைத்துக் கழுவிப் பார்ப்பது என் வேலை. அந்தத் தடித்த கட்டிகள் பிழை அல்ல என்றும், லினன் நனைந்தால் இன்னும் பலமாகும் என்றும், மஞ்சள் கறை சவர்க்காரத்தில் சிவக்கும், நேர் வெயிலில் சில நாள் கிடந்தால் வெளிறிப் போய்விடும் என்றும் படித்தேன். அம்மா அதை முற்றத்தில் போட்டிருந்தால் போதும். நாங்கள் வீட்டுக்குள் ஒளித்துக் காயவைத்தோம்.

உங்கள் படத்தைப் பார்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தெல்தெனியவுக்குப் போனேன். சித்தி இப்போது இடியப்பம் அவித்துச் சந்தையடிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். தட்டுகள் அடுக்கியிருக்க, உரலைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சாவடி, பஸ், வேலைக்காரி, மிஸ், வடைக்காரப் பெண், பாறை. ஒன்றையும் விடவில்லை. சித்தி இரண்டு தட்டு பிழிந்து முடித்தார்.

“அந்தப் பாறைக்கு நான் நடந்தேனே,” என்றார்.

“ஆமா சித்தி.”

“வெயில்ல நடந்தேனே.”

நான் மன்னிப்புக் கேட்டேன். சித்தி மாவுக் கையைக் கழுவி, சேலையில் துடைத்து, என் தொலைபேசியைக் கேட்டார். வாயால் ஒரு இலக்கத்தைச் சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஓர் இலக்கமும் தடுமாறவில்லை. கடல் வீட்டு இலக்கம் என்றார். இப்போது அங்கே யார் இருப்பார்கள் சித்தி என்றேன். அடி என்றார்.

மணி அடித்தது. ஓர் ஆண் எடுத்தார். சித்தி தொலைபேசியை வாங்கி அரபியில் பேசத் தொடங்கினார். அவர் அந்த மொழியைப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் பேசச் சொல்லிக் கேட்டதும் இல்லை. குரல் வேறாக இருந்தது. நிமிர்ந்து, கையை வீசி, ஒரு இடத்தில் அதட்டி. பிறகு கேட்டுக்கொண்டிருந்தார்.

“வீட்ட வாங்கின ஆளாம். அவங்கள இவருக்குத் தெரியாதாம். சின்ன மேடத்தோட தம்பிக்கிட்டத்தான் வாங்கினாராம், விசாரிக்கலாமாம்.” தொலைபேசியை என் கையில் வைத்தார். “இங்கிலீசு தெரியுமாம். நீ சொல்லு. நீ தொலைச்சேன்னு நீயே சொல்லு.”

நான் சொன்னேன். ஒரு சால்வை இருந்தது, அதைத் தொலைத்தது நான், என் சித்தி எடுக்கவில்லை, அது அவருக்குக் கொடுக்கப்பட்டது, அந்தக் குடும்பத்தில் யாரையாவது கண்டால் சொல்லுங்கள். பரிசோதனை அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தேன். அந்த மனிதர் சரி சரி என்றார். இணைப்பு விழுந்தது.

“என்ன சொன்னாரு?”

“சரின்னாரு.”

“எல்லாம் சொன்னியா?”

“சொன்னேன் சித்தி. என் சித்தி எடுக்கலன்னு சொன்னேன்.”

“ஒன் சித்தின்னா அவங்களுக்கு யாருன்னு தெரியும்?” அவர் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தார். “மேடம் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. என் பேரச் சொன்னியா?”

சொல்லவில்லை.

“திரும்ப எடு. பேரச் சொல்லு.”

எடுத்தேன். அந்த மனிதர் மறுபடி பேசும்வரை, சித்தி என் பக்கத்தில் நின்று, தன் பெயரை அங்கே எப்படி உச்சரிப்பார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.